ஜனவரி முதல் வாரத்தில் வியன்னா: ஐந்து பேர், நான்கு இரவு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மியூனிக்கில் குடியிருக்கும் ஒரு குடும்பம். கணவன், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன். ஊரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்த கணவரின் தாயாரும் உடன் இருந்தார்; அவருக்கு வயது 68. குழந்தைகளின் குளிர்கால விடுமுறை முடிவதற்குள் பழமையான ஒரு தலைநகரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அக்டோபர் கடைசியில் எடுத்த முடிவு.

வியன்னாவைத் தேர்ந்ததற்கு நான்கு காரணங்கள். மியூனிக்கிலிருந்து ரயில்ஜெட் என்ற விரைவு ரயில் நேராகப் போகிறது, சுமார் நான்கு மணி நேரம்தான். குளிரோ மழையோ வந்தால் ஒதுங்க நல்ல அருங்காட்சியகங்கள் உண்டு. கூட்டாட்சி அரசின் அருங்காட்சியகங்களில் 19 வயது நிரம்பாதவர்களுக்குக் கட்டணம் கிடையாது. நகரப் போக்குவரத்தும் முதியவர்களுக்கு ஒத்துவரும். பாட்டியிடம் இருந்தது ஜெர்மனி வழங்கிய ஷெங்கன் விசா. அதனால் ஆஸ்திரியாவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புத்தாண்டைத் தவிர்த்து, ஜனவரி 3 புதன்கிழமை போய் 7 ஞாயிறு திரும்புவதாக வைத்துக்கொண்டார்கள். டிசம்பர் 31 இரவுக் கொண்டாட்டமும் மறுநாள் புத்தாண்டுக் கச்சேரியும் முடியும்வரை வியன்னாவில் அறை வாடகை உச்சியில் இருக்கும். இரண்டாம் தேதி கழிந்ததும் சட்டென்று இறங்கிவிடும்.

பாட்டிக்கு வலது முழங்காலில் தேய்மானம். ஒரு மூச்சில் எவ்வளவு நடப்பார் என்பதைக் குடும்பம் ஊகித்துக்கொள்ளவில்லை. நவம்பரில் இரண்டு சனிக்கிழமைகள் மியூனிக் தெருக்களில் குளிருடை, பூட்ஸ் போட்டு நடக்கவைத்துப் பார்த்தார்கள். 15 நிமிடம் நடந்தால் உட்கார வேண்டும். கைப்பிடி இருந்தால் ஒரு நேரத்துக்கு 20 படி ஏறலாம். இந்த இரண்டு எண்கள்தான் பிறகு முழுத் திட்டத்தையும் மாற்றி எழுத வைத்தன. சாப்பாட்டில் அவர் சைவம். கேக்கில் கலந்த முட்டையை மட்டும் பொருட்படுத்துவதில்லை.

முதல் திட்டமும் அதன் ஓட்டைகளும்

முதலில் எழுதிய பட்டியலில் 13 இடங்கள் இருந்தன. அவற்றோடு ஒரு மணி நேர ரயில் தொலைவிலுள்ள ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கு ஒரு நாள். நவம்பர் நடுவில் பட்டியலைத் தேதிவாரியாகச் சரிபார்த்தபோது நான்கு தவறுகள் தெரிந்தன.

முதலாவது, மகள் ஆசைப்பட்ட இரண்டு காட்சிகளும் அந்த வாரத்தில் இல்லை. நகர மண்டபத்தின் முன்னுள்ள ராத்தௌஸ்பிளாட்ஸில் நடக்கும் பெரிய கிறிஸ்துமஸ் சந்தை டிசம்பர் 26-உடன் முடிகிறது. அதே இடத்தில் போடும் பனிச்சறுக்குத் தளம் ஜனவரியின் பிற்பாதியில்தான் திறக்கும். நடுவில் உள்ள மூன்று வாரமும் அங்கே ஒன்றைப் பிரித்து இன்னொன்றைக் கட்டும் வேலைதான் நடக்கும். சந்தையின் படங்களையும் சறுக்குத் தளத்தின் படங்களையும் பார்த்து, இரண்டும் குளிர்காலம் முழுக்க இருக்கும் என்று நினைத்துவிடுவது இந்த நகரத்தைப் பொறுத்தவரை நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை.

இரண்டாவது, அந்த ஆண்டு ஜனவரி 6 சனிக்கிழமை வந்தது. மூன்று ராஜாக்கள் திருநாளான அன்று ஆஸ்திரியா முழுவதும் பொதுவிடுமுறை. மறுநாள் ஞாயிறு. ஆக, வெள்ளி இரவு மூடும் கடைகள் திங்கள் காலையில்தான் திறக்கும். இரண்டு நாளும் மளிகை வாங்க ஹௌப்ட்பான்ஹோஃப் (தலைமை ரயில் நிலையம்), வீன் மிட்டே, பிராட்டர்ஸ்டெர்ன் போன்ற ரயில் நிலையங்களிலுள்ள சூப்பர்மார்க்கெட்டுகள்தான் கதி. அங்கே அன்றைக்கு ஊரே திரண்டிருக்கும்.

மூன்றாவது, வெளிச்சம். ஜனவரி முதல் வாரத்தில் வியன்னாவில் சூரியன் உதிப்பது காலை 7:45 வாக்கில், மறைவது மாலை 4:15-ஐ ஒட்டி. நான்கு வயதுப் பிள்ளையோடு ஒன்பதரைக்கு முன் அறையை விட்டுக் கிளம்ப முடியாது என்று குழந்தைகளின் தாய் சொன்னார். ஆக, கிடைப்பது ஆறேமுக்கால் மணி நேரம். முதல் திட்டமோ ஷான்ப்ருன் அரண்மனைத் தோட்டத்தை மாலை நான்கு மணிக்கு வைத்திருந்தது.

நான்காவது தவறு தங்குமிடத்தில். அதைத் தனியாகவே சொல்ல வேண்டும்.

'இரண்டாம் மாடி' என்றால் எத்தனை படி?

ஏழாவது மாவட்டத்தில் அழகான பழைய அடுக்ககம் ஒன்றை முன்பதிவு செய்திருந்தார்கள். விளம்பரத்தில் 'இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை' என்று இருந்தது. மியூனிக் வீடும் இரண்டாம் மாடிதான். அங்கே 36 படி, பாட்டி நடுவில் நின்று நின்று ஏறிவிடுவார். அதனால் யாரும் கவலைப்படவில்லை. படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டிதான் கேட்டார்: "மாடிக்கு எத்தனை படின்னு ஒரு வார்த்தை கேட்டுடுப்பா. கூரை ரொம்ப உசரமா இருக்கே."

கணவர் வீட்டுக்காரரிடம் எழுதிக் கேட்டார். பதில்: 82 படி.

காரணம் வியன்னாவின் கட்டடப் பழக்கம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த குடியிருப்புகளில் தரைத்தளத்துக்கு மேல் 'ஹோக்பார்ட்டேரே' என்ற உயர்தளம் இருக்கும். பல கட்டடங்களில் அதற்கு மேல் 'மெட்சனீன்' என்ற இடைத்தளமும் உண்டு. இவை இரண்டும் மாடிக் கணக்கில் சேராது. மாடி எண் 1 தொடங்குவது அதற்கும் மேலேதான். காகிதத்தில் இரண்டாம் மாடி, காலுக்கு நான்காம் மாடி. லிஃப்ட் உள்ள பழைய கட்டடத்திலும் ஒரு சிக்கல் உண்டு: லிஃப்ட் பிற்காலத்தில் பொருத்தியதாக இருந்தால் சில இடங்களில் அரைமாடி ஏறிய பிறகுதான் அதன் கதவே வரும். எனவே வீட்டுக்காரரிடம் 'லிஃப்ட் இருக்கிறதா' என்று கேட்டால் போதாது. 'தெருக் கதவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, லிஃப்டிலிருந்து வீட்டுக் கதவு வரை எத்தனை படி' என்று கேட்க வேண்டும்.

பணம் பிடிக்காமல் ரத்து செய்ய இன்னும் ஆறு நாள் இருந்தது. உடனே ரத்து செய்தார்கள். மூன்றாவது மாவட்டத்தில், வீன் மிட்டே நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், தெருமட்டத்திலிருந்தே லிஃப்ட் உள்ள ஒரு ஹோட்டலில் கதவால் இணைந்த இரண்டு அறைகளை எடுத்தார்கள். நான்கு இரவுக்குச் சுமார் 180 யூரோ கூடுதல். அந்த 180 யூரோவைத்தான் இந்தப் பயணத்தின் சிறந்த செலவாக நாங்கள் கருதுகிறோம். அந்த இடத்திலிருந்து யு3 மெட்ரோ தடத்தில் நான்காவது நிறுத்தம் அருங்காட்சியகங்கள். யு4 தடத்தில் வண்டி மாறாமல் ஷான்ப்ருன். தலைமை ரயில் நிலையத்துக்கு எஸ்-பான் என்ற புறநகர் ரயில். ஞாயிறும் திறந்திருக்கும் சூப்பர்மார்க்கெட் நிலையத்துக்குள்ளேயே.

பயணச்சீட்டுக் கணக்கு

அப்போது நகர வண்டிகளுக்கான 72 மணி நேரச் சீட்டு 17.10 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 8 யூரோ. நான்கு நாளுக்கு இரண்டையும் சேர்த்து ஒருவருக்கு 25.10. வாரச் சீட்டின் விலையும் அதே 17.10தான். அது திங்கள் தொடங்கி அடுத்த திங்கள் காலை 9 மணி வரை செல்லும். புதன்கிழமை போய் ஞாயிறு திரும்புபவர்களுக்கு வாரச் சீட்டே போதும். பெரியவர்கள் மூவருக்கும் 75.30 யூரோவுக்குப் பதில் 51.30 ஆனது. அதன் பிறகு கட்டணமும் சீட்டு வகைகளும் மாறிவிட்டதால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வகைகளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்கும் வழக்கம்தான் முக்கியம்.

6 வயதுக்குட்பட்ட மகனுக்கு எப்போதும் இலவசம். 9 வயது மகளுக்கு இலவசமானது வியன்னாவின் பள்ளி விடுமுறை நாட்களில் பயணம் அமைந்ததால். 15 வயது நிரம்பாதவர்களுக்கு ஞாயிறு, பொதுவிடுமுறை, வியன்னாப் பள்ளி விடுமுறை ஆகிய நாட்களில் நகர வண்டிகளில் கட்டணம் இல்லை. வயதைக் காட்ட அடையாள அட்டை வேண்டும்.

ரயிலில் பயணச்சீட்டு வேறு, இருக்கை முன்பதிவு வேறு. சீட்டை மட்டும் வாங்கினால் விடுமுறைக் கடைசி நாட்களில் ஐந்து பேரும் ஐந்து பெட்டியில் நிற்க நேரிடலாம். இருவழிக்கும் குடும்பப் பகுதியில் இருக்கை பதிந்துகொண்டார்கள். அங்கே குழந்தைகளுக்குச் சிறு திரையில் படம் ஓடும். தள்ளுவண்டி வைக்கவும் இடம் உண்டு.

திருத்திய திட்டம்

13 இடங்கள் 6 ஆயின. பிராட்டிஸ்லாவா போயிற்று. ஷான்ப்ருன் அரண்மனையின் உள்பகுதியையும் விட்டார்கள். அதற்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும், தள்ளுவண்டியை உள்ளே கொண்டுபோக முடியாது, அறை அறையாக நின்றே பார்க்க வேண்டும். பாட்டியின் 15 நிமிடத்துக்கும் சிறுவனின் பொறுமைக்கும் அது ஒத்துவராது. தந்தைக்கு இதில் வருத்தம் இருந்தது. அது நியாயமான வருத்தம்தான்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரே வரிசை: வெளிச்சத்தில் வெளியே ஓர் இடம், மதியம் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் ஓய்வு, இருட்டிய பிறகு கதகதப்பான ஓர் உள்ளிடம். மதிய ஓய்வை முதலில் தந்தை 'வீணாகும் நேரம்' என்றார். ஈரக் கால்சட்டையும் கையுறையும் காய அந்த இரண்டு மணி நேரம்தான் உதவியது.

நடந்தது

புதன். பகல் ஒன்றரைக்கு வந்து சேர்ந்தார்கள். அறைக்குப் போய், மளிகை வாங்கி முடிக்க நான்கு மணி. இருட்டும் நேரத்தில் ஷ்வேடன்பிளாட்ஸில் 2-ஆம் எண் டிராமில் ஏறி, பாராளுமன்றத்தருகே 1-ஆம் எண்ணுக்கு மாறி, ரிங் சாலையைச் சுற்றி வந்தார்கள். 1865-இல் திறந்த அந்த வட்டச் சாலையில்தான் ஓபரா, ஹோஃப்பூர்க் அரண்மனை, பாராளுமன்றம், நகர மண்டபம், பல்கலைக்கழகம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. விளக்கு வெளிச்சத்தில், உட்கார்ந்தபடி, அரை மணி நேரம். பயண அலுப்போடு இருக்கும் முதியவருக்கு முதல் மாலையில் இதைவிட நல்ல ஏற்பாடு இந்த நகரத்தில் இல்லை.

வியாழன். 1752-இல் தொடங்கிய ஷான்ப்ருன் விலங்குக்காட்சிசாலை. உலகில் இன்றும் இயங்குபவற்றில் ஆகப் பழையது. யு4-இல் ஹீட்சிங் வரை போய் அந்தப் பக்க வாசல் வழியே நுழைந்தார்கள். குளிர்காலத்தில் நான்கரைக்கு மூடுகிறது. மழைத் தூறல் வேறு. மழைக்காட்டு வீட்டுக்குள் நுழைந்தவுடன் பாட்டியின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை; ஈரத் தரையில் ஒரு படி இருந்ததை அவர் கவனிக்கவில்லை. மருமகள் முழங்கையைப் பிடித்ததால் விழவில்லை. குளிரிலிருந்து வெப்ப வீட்டுக்குள் போகும்போது கண்ணாடி அணிந்தவர்கள் வாசலிலேயே இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். துடைத்தால் மறுபடி படியும். கண்ணாடி சூடேறினால்தான் தெளியும்.

பகலுணவில் ஒரு சறுக்கல். சூப் பட்டியலில் 'ஃப்ரிட்டாட்டன்சுப்பே' இருந்தது. தெளிந்த சூப்பில் தோசையை மெல்லிசாக நறுக்கிப் போட்டதுபோல இருக்கும். பார்வைக்குச் சைவம். பாட்டி இரண்டு கரண்டி குடித்த பிறகுதான் அது மாட்டெலும்புச் சாறு என்று பரிமாறியவர் சொன்னார். பாட்டி கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அன்று வேறெதுவும் சாப்பிடவில்லை. இது சின்ன விஷயம் அல்ல. 'இறைச்சி இல்லாதது' என்று கேட்டால் ஆஸ்திரியச் சமையலறை மிதக்கும் துண்டுகளைத்தான் நினைக்கும்; சாறு கணக்கில் வராது. அன்று மாலையே கணவர் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார்: 'ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ், கைனே ரிண்ட்ஸுப்பே' (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், மாட்டிறைச்சிச் சூப் வேண்டாம்). அதன் பிறகு கேஸ்ஷ்பேட்ஸ்லே (சீஸ் கலந்த மாவுத் துண்டு உணவு) கேட்டபோதெல்லாம் மேலே பன்றிக்கொழுப்புத் துணுக்கு தூவ வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆப்பிள் ஸ்ட்ரூடலின் திராட்சை ரம்மில் ஊறியதா என்று கேட்பதும் வழக்கமாயிற்று.

கலை வரலாற்று அருங்காட்சியகம் வியாழக்கிழமைகளில் இரவு 9 வரை திறந்திருக்கும். அதனால்தான் அதை அன்று வைத்தார்கள். ஆறு மணிக்கு மேல் கூட்டம் இல்லை. புரூகல் என்ற ஓவியரின் படங்கள் இருக்கும் கூடத்தின் நடுவில் இருக்கைகள் உண்டு. 1565-இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர் ஓவியத்தின் எதிரே பாட்டியும் பேத்தியும் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் உறைந்த குளத்தில் எறும்பு அளவில் சறுக்கி விளையாடுபவர்களைப் பேத்தி ஒவ்வொருவராக எண்ணினாள்.

வெள்ளி. எதிர்ச் சாரியில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடும், கலை வரலாற்று அருங்காட்சியகமோ திங்களன்று. நான்கு நாள் பயணக்காரர்கள் இதில்தான் மாட்டுவார்கள், இவர்களுக்கு இரண்டும் குறுக்கிடவில்லை. 1908-இல் கிடைத்த, கற்காலத்தைச் சேர்ந்த வில்லன்டார்ஃப் பெண்சிலை 11 செ.மீ.தான், உள்ளங்கையில் அடங்கும். பெரிய சிலை என்று நினைத்துப் போகும் குழந்தைகள் ஏமாறுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சிறுவன் டைனோசர் கூடத்தை விட்டு நகரவில்லை.

ராத்தௌஸ் தளத்துக்குப் பதிலாக மதியம் ஹோய்மார்க்டிலுள்ள திறந்தவெளிச் சறுக்குத் தளத்துக்கு மகளும் தந்தையும் போனார்கள். 1867-இல் தொடங்கிய சங்கம் நடத்துவது. குளிர்காலம் முழுக்க இயங்கும். ஹோட்டலிலிருந்து நடக்கும் தூரம். பாட்டியும் சிறுவனும் அறையில். மாலையில் இரண்டு நாளுக்கான ரொட்டி, பால், தயிர், பழம் வாங்கியாயிற்று. ரொட்டி வாங்கினார்கள், மருந்தை நினைக்கவில்லை.

சனி. விடுமுறைத் திருப்பலி நடப்பதால் காலையில் ஸ்டெஃபான் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்க இயலாது என்று தெரிந்து மதியத்துக்கு மேல் போனார்கள். தெற்குக் கோபுரம் 136 மீட்டர், 343 படி; அதை விட்டு, லிஃப்ட் உள்ள வடக்குக் கோபுரத்தில் ஏறி பும்மரின் மணியைப் பார்த்தார்கள். சுமார் 20 டன் எடை. துருக்கியப் பீரங்கிகளை உருக்கி 1711-இல் வார்த்த பழைய மணி 1945 தீயில் விழுந்து நொறுங்க, அதன் உலோகத்தையும் சேர்த்து 1951-இல் வார்த்தது இது. திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசலில் கிரீடம் வைத்த மூன்று சிறுவர்கள் பாடி முடித்து, கதவின் நிலைப்படி மேல் சாக்பீஸால் ஆண்டையும் மூன்று எழுத்துகளையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கோலம்போல என்றார் பாட்டி.

சனி இரவு

ஏழு மணிக்குச் சிறுவனுக்குக் காய்ச்சல், 38.7 டிகிரி செல்சியஸ். காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். காய்ச்சல் சிரப் மியூனிக்கிலேயே இருந்தது. 'அங்கே வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்திரியாவில் பாராசிட்டமால்கூட மருந்தகத்தில்தான் கிடைக்கும். சூப்பர்மார்க்கெட்டிலோ அழகுப்பொருள் கடையிலோ கிடையாது. பக்கத்து மருந்தகம் விடுமுறை.

செய்தவை: முதலில் 1450-ஐ அழைத்தார்கள். இது நாள் முழுவதும் இயங்கும் சுகாதார ஆலோசனை எண். மூச்சு, கழுத்து விறைப்பு, நீர் குடிக்கிறானா, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று கேட்டுவிட்டு, மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை, காய்ச்சல் மருந்து கொடுத்துக் காலை வரை கவனியுங்கள் என்றார்கள். மூடிய ஒவ்வொரு மருந்தகத்தின் கதவிலும் அன்று முறைப்பணியில் இருக்கும் அருகிலுள்ள மருந்தகத்தின் முகவரி ஒட்டியிருக்கும், 1455-இலும் சொல்வார்கள். 12 நிமிட நடையில் ஒன்று. மணியடித்தால் சிறு ஜன்னல் திறக்கும், இரவுப் பணிக்குச் சிறு கூடுதல் கட்டணம். எட்டரைக்கு மருந்து உள்ளே போனது, பத்து மணிக்கு 37.9. சிறுவனின் ஜெர்மன் காப்பீட்டு அட்டையின் பின்பக்கமே ஐரோப்பிய மருத்துவ அட்டை. மருத்துவரிடம் போக நேர்ந்திருந்தாலும் அது செல்லும். பாட்டிக்கு நேர்ந்திருந்தால் விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடுதான். அதன் அவசர எண் யாருடைய போனிலும் இல்லை என்பது அன்றிரவுதான் தெரிந்தது.

விளைவு

ஞாயிறு காலைக்கு வைத்திருந்த 'இசை வீடு' என்ற இசை அருங்காட்சியகப் பயணத்தை ரத்து செய்து அறையிலேயே இருந்தார்கள். சீட்டு முன்பே வாங்காததால் நட்டமில்லை. பிற்பகல் ரயில் நிரம்பி வழிந்தது. பதிந்த இருக்கைகள் காப்பாற்றின. ஜெர்மன் எல்லையில் போலீஸ் சோதனைக்காக ரயில் நின்றபோது பாட்டியின் பாஸ்போர்ட் மேல்தட்டுப் பெட்டியின் அடியில் இருந்தது. கணவர் இரண்டு பெட்டிகளை இறக்கித் தேட, அதிகாரி காத்திருந்தார். சிறுவனுக்குத் திங்களன்று குழந்தை மருத்துவர் நடுக்காதில் லேசான அழற்சி என்றார்; மூன்று நாளில் சரியானான்.

ஆறு இடங்களில் ஐந்தைப் பார்த்தார்கள். பாட்டி எந்த நாளும் முழங்காலுக்கு வலிமாத்திரை போடவில்லை.

மாற்ற வேண்டியவை

காய்ச்சல் சிரப், தெர்மாமீட்டர், பாட்டியின் மாத்திரைகள், காப்பீட்டு எண் எழுதிய சீட்டு நான்கும் கைப்பையில் போக வேண்டும். பாட்டியின் பாஸ்போர்ட் அவர் கழுத்துப் பையில். உணவுச் சீட்டை முதல் சாப்பாட்டுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். திரும்பும் நாள் சனியாக இருந்திருந்தால் கடை மூடிய இரண்டாம் நாளும் கூட்ட ரயிலும் இல்லை. பள்ளி திறக்குமுன் ஒரு நாள் வீட்டில் கிடைத்திருக்கும்.

மகளுக்கு ராத்தௌஸ் தளத்தின் மீது ஆசை தீரவில்லை. அதற்கு பவேரியாவின் பிப்ரவரி திருவிழா விடுமுறை பொருந்தும்: தளம் திறந்திருக்கும், மாதத்தின் நடுவில் சூரியன் ஐந்தேகாலுக்குத்தான் மறையும், அறை வாடகையும் ஏறியிருக்காது. ஆனால் வியன்னாவின் அரையாண்டு விடுமுறை பிப்ரவரி முதல் வாரத்தில். இரண்டும் ஒத்துவராத ஆண்டில் அவளுக்கும் டிராம் சீட்டு வாங்க வேண்டும்.